வைட்டமின் டி குறைவாக இருந்தால் செப்சிஸில் உயிர் பிழைப்பது கடினமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் செப்சிஸோடு போராடிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு வந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளில் ஒரு வரி: வைட்டமின் டி, 9. பக்கத்திலேயே 'குறைபாடு' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. வெளியே காத்திருக்கும் மகளோ மகனோ அதைப் பார்த்துவிட்டு கைபேசியில் தேடுகிறார்கள். 'வைட்டமின் டி குறைவாக உள்ள செப்சிஸ் நோயாளிகள் அதிகம் இறக்கிறார்கள்' என்று வருகிறது. அதற்குப் பிறகு மனத்தை அரிக்கும் கேள்வி ஒன்றுதான். முன்கூட்டியே மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ?

அந்த மகளுக்காகவும் மகனுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் கைபேசியில் படித்தது பொய்யில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு அவர்கள் வந்து சேரும் முடிவு, அந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்று. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் செப்சிஸ். 'ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது' என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். அது பாதிதான் சரி. செப்சிஸ் வந்த பலருக்கு ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தால் கிருமியே கிடைப்பதில்லை. நுரையீரலிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, வயிற்றிலோ, தோலில் பட்ட ஒரு காயத்திலோ தொற்று இருக்கும். அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் தற்காப்பு நிலைதடுமாறி, சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்குவதுதான் செப்சிஸ். மருத்துவ உலகம் 2016இல் ஏற்றுக்கொண்ட வரையறையும் இதைத்தான் சொல்கிறது: தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுப்பாடற்ற எதிர்வினையால் உறுப்புகள் செயலிழந்து, உயிருக்கே ஆபத்து வரும் நிலை.

உள்ளே நடப்பது இதுதான். ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, ரத்த அழுத்தம் விழுகிறது. குழாய்ச் சுவர்கள் கசிந்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய நீரும் புரதமும் வெளியே போகின்றன. மெல்லிய குழாய்களில் சின்னச் சின்ன உறைகட்டிகள் அடைக்கின்றன. சிறுநீரகம், ஈரல், நுரையீரல், மூளை எல்லாவற்றுக்கும் போக வேண்டிய ரத்தம் குறைகிறது. இதில் கசிவு என்ற விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது அரிதான நோயும் இல்லை. 2017ஆம் ஆண்டுக்கான உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று, அந்த ஒரே வருடத்தில் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்ததாகவும், அதையொட்டி 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டது. உலகில் நடந்த ஐந்து மரணங்களில் ஒன்று! அதனால்தான் 'விலை மலிவான ஒரு வைட்டமின் இதைத் தடுக்குமா?' என்ற கேள்வி ஆராய்ச்சியாளர்களை இத்தனை தூரம் இழுத்துச் சென்றது.

சரி, வைட்டமின் டிக்கு வருவோம். பெயர்தான் வைட்டமின். வேலையைப் பார்த்தால் அது ஹார்மோன். சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் படும்போது, அங்கிருக்கும் கொலஸ்ட்ரால் வகைப் பொருள் ஒன்று வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. அது ஈரலுக்குப் போய் முதல் மாற்றம் அடைகிறது. அங்கே உருவாவதன் பெயர் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. பிறகு சிறுநீரகத்துக்குப் போய் இரண்டாவது மாற்றம் அடைந்து, கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவத்துக்கு வருகிறது. எலும்புக்கும் கால்சியத்துக்கும் வேலை செய்வது இந்தக் கடைசி வடிவம்தான்.

ஆனால் பரிசோதனைக்கூடத்தில் அளப்பது இந்தக் கடைசி வடிவத்தை அல்ல, ஈரலிலிருந்து வரும் நடு வடிவத்தைத்தான். கால்சிட்ரியால் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நடு வடிவம் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் உடலின் இருப்பைத் தெரிந்துகொள்ள அதுவே ஏற்றது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு, 12க்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு என்பது பரவலாகப் புழங்கும் எல்லை. இந்த எல்லைகளை எங்கே போடுவது என்று நிபுணர்களுக்குள் இன்னமும் வாதம் நடக்கிறது. ஆகவே 19 என்று வந்தால் கலங்கவும் வேண்டாம், 21 என்று வந்தால் கொண்டாடவும் வேண்டாம்.

எலும்புச் சத்துக்கும் தொற்று நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, அழகான சம்பந்தம். 19ஆம் நூற்றாண்டிலேயே காசநோயாளிகளுக்குக் காட் மீனின் ஈரல் எண்ணெயைக் கொடுத்தார்கள். ஏன் கொடுக்கிறோம் என்று அவர்களால் விளக்க முடியவில்லை, வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. அந்த எண்ணெயில் வைட்டமின் டி நிறைய உண்டு. விளக்கத்தின் ஒரு பகுதி 2006இல் கிடைத்தது. கிருமியைக் கண்டதும் விழுங்கும் வெள்ளணுக்கள் நம் உடலில் இருக்கின்றன, அவற்றை மேக்ரோஃபேஜ் என்பார்கள். காசநோய்க் கிருமியின் அடையாளம் பட்டதும், இந்த அணு தனக்குள்ளேயே வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பதில்லை. அப்படி மாற்றியதை வைத்து கேதலிசிடின் என்ற சிறு புரதத்தைத் தயாரித்து, கிருமியின் மேலுறையைக் கிழிக்கிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களின் ரத்தநீரில் இதே அணுக்களை வைத்துப் பார்த்தபோது கேதலிசிடின் உற்பத்தி குறைந்தது. அதே ரத்தநீரில் வைட்டமின் டியைச் சேர்த்ததும் உற்பத்தி ஏறியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. செயல்படும் வைட்டமின் டி, அழற்சியைத் தூண்டும் சில வேதிப் பொருட்களின் உற்பத்தியைத் தணிக்கவும் செய்கிறது. அதாவது கிருமியைக் கொல்ல ஆயுதம் தருகிறது, போர் எல்லை மீறாமல் கடிவாளமும் போடுகிறது. செப்சிஸில் பறிபோவது சரியாக இந்த இரண்டும்தான். இதைப் படித்த எந்த மருத்துவருக்கும் நம்பிக்கை பிறந்திருக்கும். எனக்கும் பிறந்தது.

அந்த நம்பிக்கைக்கு ஏற்றாற்போல் மருத்துவமனைகளிலிருந்து தகவல்களும் வந்தன. தீவிர சிகிச்சைக்கு வரும் நோயாளிகளில் மிகப் பலருக்கு வைட்டமின் டி குறைவு. செப்சிஸ் நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், அளவு குறைவாக உள்ளவர்களிடையே இறப்பு கூடுதல், அதுவும் கடுமையான குறைபாடு உள்ளவர்களிடம் மிகத் தெளிவாக. பல நாடுகளில், பல மருத்துவமனைகளில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். இந்தத் தொடர்பு உண்மையானது, யாரும் மறுப்பதில்லை.

ஆனால் தொடர்பு இருக்கிறது என்பதும் அதுதான் காரணம் என்பதும் ஒன்றல்ல. குளம் வற்றிக் கிடக்கிறது, வெயிலும் கொளுத்துகிறது. இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அதற்காக, குளத்தில் நாலு லாரி தண்ணீரைக் கொட்டினால் வெயில் தணியுமா?

யாருக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே நடமாட முடியாத முதியவர்கள், மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்கள், சிறுநீரக நோய், ஈரல் நோய் உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சரியாகச் சாப்பிட முடியாமல் மெலிந்துபோனவர்கள். இவர்களில் பெரும்பாலோர் செப்சிஸ் வந்தால் வைட்டமின் டி எவ்வளவு இருந்தாலும் அதிக ஆபத்தில்தான் இருப்பார்கள். குறைந்த வைட்டமின் டி அவர்களுடைய பலவீனத்துக்கு ஓர் அடையாளம். அதுவே பலவீனத்தின் வேர் என்று சொல்லிவிட முடியாது. ஆராய்ச்சியாளர்கள் வயது, மற்ற நோய்கள் என்று கணக்கில் கழித்துப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு மனிதரின் தளர்ச்சி முழுவதையும் எண்களாக்கிக் கழித்துவிட முடியாது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. செப்சிஸே வைட்டமின் டி அளவைக் கீழே தள்ளுகிறது. வைட்டமின் டி ரத்தத்தில் தனியாக மிதப்பதில்லை. அதில் பெரும்பங்கு அதற்கென்றே உள்ள ஒரு சுமக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி அல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதத்தோடு. ரத்தக் குழாய்கள் கசியும்போது புரதங்கள் வெளியேறும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா? சுமக்கும் வண்டியே போய்விட்டால் சரக்கும் கூடவே போகும். அதோடு, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்க லிட்டர் கணக்கில் டிரிப்ஸ் ஏற்றுவார்கள், அதனால் மிச்சமிருக்கும் ரத்தமும் நீர்த்துப்போகும். இத்தனைக்கும் நடுவில் எடுத்த ரத்தத்தில் வரும் எண், நோய் வருவதற்கு முன் அவரிடம் என்ன இருப்பு இருந்தது என்பதை எப்படிக் காட்டும்?

இது வெறும் ஊகமில்லை. முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், அறுவைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. இவர்களுக்குத் தொற்று எதுவுமில்லை, அறுவையால் வரும் அழற்சி மட்டும்தான். சில நாட்களுக்குள் வைட்டமின் டி அளவு ஏறக்குறைய 40 சதவீதம் விழுந்தது. சில நாட்களில் யாருக்கும் வெயில் குறைந்துவிடவில்லை, சாப்பாட்டில் சத்தும் குறைந்துவிடவில்லை. அழற்சியே எண்ணை இறக்கிவிட்டது. இதே கணக்கை நம் நோயாளிக்குப் போட்டுப் பாருங்கள். போன வாரம் 15 இருந்திருந்தால், இன்றைக்கு 9 என்று வந்து நிற்கும். செப்சிஸின் அழற்சி முட்டி அறுவையைவிடப் பல மடங்கு மூர்க்கமானது.

கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே நேர்மையான வழி, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வைட்டமின் டியும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத கரைசலும் கொடுத்து, யார் பிழைக்கிறார்கள் என்று எண்ணுவது. யாருக்கு எது போகிறது என்று மருத்துவருக்கும் தெரியக்கூடாது, நோயாளிக்கும் தெரியக்கூடாது.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இதைச் செய்தார்கள். முடிவு 2014இல் வந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த, 20 அல்லது அதற்குக் கீழே அளவு இருந்த கிட்டத்தட்ட 480 பேரின் கணக்கு அது. செப்சிஸ் நோயாளிகள் மட்டுமல்ல, பலவித நோயாளிகளும் இருந்தார்கள். கொடுத்த அளவைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள்: ஒரே தடவையில் 5 லட்சத்து 40 ஆயிரம் யூனிட். ஆரோக்கியமான ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 600 யூனிட். ஆக, 900 நாட்களுக்கானதை ஒரே நாளில் கொடுத்தார்கள், பிறகு மாதாமாதம் 90 ஆயிரம். மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறையவில்லை. இறப்பிலும் மொத்தத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 12 அல்லது அதற்குக் கீழே இருந்த 200 பேரை மட்டும் தனியே பார்த்தபோது, மருந்தில்லாதவர்களில் 46 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார்கள், வைட்டமின் டி பெற்றவர்களில் 29 சதவீதம்.

பெரிய வித்தியாசம்தான். எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆனாலும் முக்கியக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்த ஓர் ஆய்வுக்குள், சின்னக் கூறு ஒன்றில் தெரியும் 'ஆமாம்' என்பதை அப்படியே நம்பிவிட முடியாது. கூறு போட்டுப் பார்க்கும்போது தற்செயலாகவும் இப்படி எண்கள் விழும். பெரிதாகத் திரும்பச் செய்து பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவில் திரும்பச் செய்தார்கள். 1360 பேர், 44 மருத்துவமனைகள், தீவிர நோயின் தொடக்கத்திலேயே அதே 5 லட்சத்து 40 ஆயிரம் யூனிட். முடிவு 2019இல் வந்தது. குறைபாடு உறுதியானவர்களில் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள்: வைட்டமின் டி பெற்றவர்களில் 23.5 சதவீதம், மருந்தில்லாத கரைசல் பெற்றவர்களில் 20.6 சதவீதம். பலன் இல்லை. மேற்கொண்டு நடத்துவதில் பயனில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி ஏறாமல் போனதால் தோல்வி என்றும் சொல்ல வழியில்லை. சில நாட்களில் எண் நன்றாகவே ஏறியிருந்தது. எண் ஏறியது, உயிர் பிழைப்பது கூடவில்லை. கடுமையான குறைபாடு இருந்தவர்களைத் தனியே பார்த்தபோதும் கிராஸ் ஆய்வில் தெரிந்த பலன் திரும்ப வரவில்லை. அந்தக் கூட்டத்தை மட்டும் குறிவைத்து, 2400 பேரைச் சேர்க்கும் திட்டத்தோடு ஐரோப்பாவில் இன்னோர் ஆய்வு தொடங்கப்பட்டது. அவ்வளவு பேர் தேவைப்படுவதே, இந்தக் கேள்வி எத்தனை நுணுக்கமானது என்பதைக் காட்டுகிறது.

ஏன் இப்படி? உடனே செயல்படும் கால்சிட்ரியாலையே செப்சிஸ் நோயாளிகள் 67 பேரிடம் ஊசியாகச் சோதித்துப் பார்த்த சிறிய ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. கேதலிசிடினைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுச் செய்தி அணுக்களில் கூடியது. ரத்தத்தில் கேதலிசிடின் புரதம் கூடவில்லை. கட்டளை போயிற்று, சரக்கு வந்து சேரவில்லை. கண்ணாடிக் குடுவையில் அழகாக நடப்பது, உறுப்புகள் தள்ளாடும் உடலில் அப்படியே நடப்பதில்லை. ஒரே மூச்சில் மலையளவு வைட்டமின் டியைக் கொட்டினால், அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதியை உடல் முடுக்கிவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்புறம் நேரம். வைட்டமின் டியின் வேலை தொற்று நுழையும் வாசலில். செப்சிஸ் என்று பெயர் வைக்கும்போது அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

அப்படியானால் முன்கூட்டியே எடுத்துக்கொண்டால்? சளி, இருமல், நிமோனியா போன்ற சுவாசத் தொற்றுகளைப் பற்றி, 25 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 11 ஆயிரம் பேரின் தகவல்களை ஒன்றாக்கி 2017இல் ஒரு கணக்கு வந்தது. வைட்டமின் டி எடுத்தவர்களுக்குத் தொற்று கொஞ்சம் குறைந்தது. தினமும் அல்லது வாரந்தோறும் சிறிதாக எடுத்தவர்களுக்குத்தான் பலன், மொத்தமாகக் கொட்டியவர்களுக்கு இல்லை. பிறகு வந்த பெரிய ஆய்வுகளையும் சேர்த்தபோது அந்தச் சிறிய பலனும் மங்கிவிட்டது. இதெல்லாம் செப்சிஸைப் பற்றிய கணக்கும் அல்ல. ஆகவே 'தினம் ஒரு மாத்திரை போட்டால் செப்சிஸ் அண்டாது' என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் இல்லை என்றே சொல்வேன்.

வைட்டமின் சியின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'வைட்டமின்தானே, கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?' என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் உண்டு. செப்சிஸ் நோயாளிகளுக்கு அதிக அளவு வைட்டமின் சியை ரத்தக் குழாய் வழியே செலுத்துவது சில காலம் பெரிய நம்பிக்கையாக இருந்தது. 2022இல் வந்த ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 44.5 சதவீதம் பேர் 28ஆம் நாளுக்குள் இறந்திருந்தார்கள் அல்லது உறுப்பு செயலிழப்போடு இருந்தார்கள். பெறாதவர்களில் 38.5 சதவீதம். உதவாதது மட்டுமல்ல, கெடுதலின் பக்கம் சாய்ந்தது. வைட்டமின் டியிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவைத் தடுக்கத்தான் கொடுத்தார்கள். கீழே விழுவதும் எலும்பு முறிவும் அதிகமானது என்று 2010இல் தெரியவந்தது. மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் அதிக அளவை விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல், மனக் குழப்பம் என்று கொண்டுபோய் விடும்.

குறைபாடு இருந்தால் சரிசெய்யவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலும்புக்கும் தசைக்கும் அது வேண்டும். நலமாக இருக்கும் நாட்களில், மருத்துவர் சொல்லும் அளவில், சிறிது சிறிதாகச் சரிசெய்துகொள்வது நல்ல காரியம். செப்சிஸைத் தடுக்கும் கவசம் என்று அதை நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

செப்சிஸில் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மணிக்கணக்கு. தொற்றோடு சேர்ந்து ரத்த அழுத்தமும் விழுந்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் போக வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை எளிமையானவை. தொற்று இருக்கும் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசுகிறார், எழுப்பினால் எழவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டது, கைகால் சில்லிட்டுத் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுகிறது, நடுக்கம் நிற்கவில்லை என்றால் காலை வரை பொறுக்கக் கூடாது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும், உடம்பு வழக்கத்தைவிடச் சில்லென்றும் இருக்கலாம். 'காய்ச்சல்தான் இல்லையே' என்று விட்டுவிடுவது நான் மிகவும் பயப்படும் தவறு.

இனி, பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அந்த மகளுக்கு. அந்த 9, நீங்கள் கொடுக்கத் தவறிய மாத்திரையின் கணக்கு அல்ல. அதில் எவ்வளவு பழைய குறைவு, எவ்வளவு இந்த நோய் வந்து இறக்கிவிட்டது என்று இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவர் தேறி வீட்டுக்கு வந்து, அழற்சி முழுக்க அடங்கிய சில வாரங்கள் கழித்து, மருத்துவரிடம் கேட்டு அதே பரிசோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். அப்போது வரும் எண்ணைப் பார்த்து மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.